எல்லை தாண்டினால் சுடலாமா? கடலில் படைபலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமநாதபுரம் கடற்கரையில் தொழிலுக்குப் போகிறவர்களும், கரையில் காத்திருக்கும் வீட்டாரும், நேவியிலோ கோஸ்ட் கார்டிலோ சேர நினைக்கும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். தொண்டியில் இருந்து மூக்கையூர் வரை, அண்ணன் விசைப்படகு டிரைவராகவும் தம்பி சீருடையிலும் இருக்கும் வீடுகள் உண்டு. அதனால் இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். சீருடை எந்த நாட்டுடையதாக இருந்தாலும் அளவுகோல் ஒன்றுதான். எல்லாப் பதில்களும் இந்த நிலையில் நின்று எழுதப்பட்டவை.

எல்லை தாண்டி மீன் பிடித்தால் சுடுவதற்கு இலங்கைக் கடற்படைக்கு உரிமை இருக்கிறதா?

இல்லை. எல்லை தாண்டுவது குற்றம்தான், அதை மறைக்க வேண்டியதில்லை. 1974, 1976 ஒப்பந்தங்களால் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நடுவே கடல் எல்லை வகுக்கப்பட்டது. அனுமதி இல்லாமல் ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது என்று 1976-ல் எழுதிக்கொண்ட கடிதங்கள் சொல்கின்றன. ஆனால் அந்தக் குற்றத்துக்கு என்ன செய்யலாம் என்பதும் சட்டத்தில் இருக்கிறது: நிறுத்தலாம், ஏறிச் சோதிக்கலாம், பிடிக்கலாம், நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம், அபராதம் விதிக்கலாம். தண்டனை சொல்ல வேண்டியவர் நீதிபதி. ரோந்துக் கப்பலின் துப்பாக்கி முனையில் தண்டனை வழங்க எந்தச் சட்டமும் இடம் கொடுக்கவில்லை.

1982-ம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையை இலங்கை 1994-லும் இந்தியா 1995-லும் ஏற்றுக்கொண்டன. தனிப் பொருளாதார மண்டலத்தில் (கரையில் இருந்து 200 நாட்டிக்கல் மைல் வரையான கடலில்) பிடிபடும் மீன்பிடிப் படகையும் ஆட்களையும் நியாயமான பிணையில் சீக்கிரம் விட வேண்டும் என்று அதன் 73-வது பிரிவு சொல்கிறது. மீன்பிடிக் குற்றத்துக்கு உடல் தண்டனை எந்த வடிவிலும் கூடாது, நாடுகளுக்குள் வேறு உடன்பாடு இல்லாவிட்டால் சிறையும் கூடாது என்கிறது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பாக் விரிகுடாவில் தன் பக்கத்துக் கடலை வரலாற்று உரிமையுள்ள உள்நாட்டு நீர் என்று இலங்கை 1977-ல் அறிவித்தது. அதனால் 73-வது பிரிவு அங்கே அப்படியே செல்லாது, தன் நாட்டுச் சட்டமே செல்லும் என்பது அதன் நிலை. சிறைத்தண்டனை பற்றிய வாதம் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறது. சுடுவது பற்றிய வரம்புக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அது எல்லா நீருக்கும் பொது.

அந்த வரம்பு எங்கே எழுதியிருக்கிறது?

ஒரே ஏட்டில் இல்லை. பல வழக்குகள் வழியாக உருவாகி வந்தது. எல்லோரும் காட்டும் தீர்ப்பு 'சைகா' கப்பலுடையது.

1997 அக்டோபரில் மேற்கு ஆப்பிரிக்கக் கடலில் மீன்பிடிப் படகுகளுக்கு டீசல் கொடுத்துக்கொண்டிருந்த எண்ணெய்க் கப்பல் அது. கினி நாட்டு ரோந்துப் படகுகள் துரத்திப் பிடித்தன. கப்பல் கிட்டத்தட்ட முழுச் சரக்கோடு, நீர்மட்டத்துக்கு மேல் அதிகம் தெரியாமல், மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. அதிகபட்ச வேகமே மணிக்கு 10 நாட்டிக்கல் மைல்தான். ரோந்துப் படகு எளிதாக எட்டிப் பிடித்திருக்கலாம். ஆனால் முறையான எச்சரிக்கை எதுவும் கொடுக்காமல் நிஜத் தோட்டாக்களால் சுட்டார்கள். மேலே ஏறிய பிறகும், யாரும் எதிர்க்காத நிலையில், சுட்டார்கள். இரண்டு பேர் படுகாயம் அடைந்தார்கள்.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இருக்கும் கடல் சட்டத்துக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் 1999 ஜூலை 1 அன்று தீர்ப்புச் சொன்னது. பலத்தை முடிந்தவரை தவிர்க்க வேண்டும். தவிர்க்கவே முடியாமல் போனால், அந்தச் சூழ்நிலைக்கு நியாயமும் தேவையுமான அளவைத் தாண்டக் கூடாது. மனிதாபிமானம் கடலிலும் பொருந்தும். கினி வரம்பு மீறியது என்று முடிவாகி, இழப்பீடு கொடுக்க உத்தரவானது.

ஒழுங்கு இப்படிப் போகிறது. முதலில் கண்ணுக்குத் தெரியும்படியோ காதில் விழும்படியோ 'நில்' என்ற சைகை: விளக்கு, சைரன், மைக், விஎச்எப் வயர்லெஸ். அதற்கும் நிற்காவிட்டால் அடுத்தடுத்த நடவடிக்கைகள், அவற்றில் ஒன்று முகப்புக்கு முன்னால் கடலில் எச்சரிக்கை வேட்டு. எல்லாம் பலிக்காமல் போனால் மட்டும், கடைசி வழியாகப் பலம். அப்போதும் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, உயிருக்கு ஆபத்து வராதபடி எல்லா முயற்சியும் எடுத்து.

மடி (இழுவை வலை) இழுத்துக்கொண்டிருக்கும் நம் விசைப்படகை நினைத்துப் பாருங்கள். வலை கடலில், வேகம் நடைவேகம், ஆட்களில் பாதிப்பேர் தூக்கத்தில். சைகா கப்பலைப் போலவே எட்டிப் பிடிக்க எளிதான படகு. எளிதாகப் பிடிக்க முடிகிற ஒன்றைச் சுட்டு நிறுத்தினேன் என்றால், தேவை இருந்தது என்பதை யாரும் நம்பப் போவதில்லை.

எச்சரிக்கை வேட்டு என்று சொல்லிக்கொண்டு படகு மேலேயே சுட்டால்?

எச்சரிக்கை வேட்டு என்றால் படகுக்கு முன்னால், நன்றாகத் தள்ளி, கடலில் விழ வேண்டும். வீல்ஹவுஸில் (படகு ஓட்டும் அறையில்) ஓட்டை விழுந்திருந்தால் அதற்கு எச்சரிக்கை என்று பெயர் வைக்க முடியாது. தாழ்வான கோணத்தில் சுட்டால் தோட்டா நீர்ப்பரப்பில் பட்டுத் தெறித்துத் திசை மாறும். கப்பல் ஆடும், படகும் ஆடும். 'எஞ்சினைத்தான் குறிவைத்தேன்' என்ற பதிலை மரப்படகு விஷயத்தில் நான் ஏற்க மாட்டேன். எஞ்சின் அறைக்கு மேலேதான் ஆட்கள் படுத்திருக்கிறார்கள்.

பழைய வழக்கு ஒன்று இதற்குப் பொருத்தமானது. 1961 மே மாதம், பரோ தீவுகள் பக்கம், 'ரெட் குரூசேடர்' என்ற ஸ்காட்லாந்து மீன்பிடிப் படகை டென்மார்க் கடற்படைக் கப்பல் பிடித்தது. படகின் தலைவர் கட்டளையை மீறி, படகில் ஏறியிருந்த டென்மார்க் அதிகாரியையும் வீரரையும் வைத்துக்கொண்டே தப்பி ஓடினார். டென்மார்க் கப்பல் பீரங்கியால் சுட்டது. 1962-ல் விசாரணைக் குழு சொன்னது என்ன தெரியுமா? எச்சரிக்கையின்றி நிஜக் குண்டுகளால் சுட்டதும், தேவை நிரூபிக்கப்படாமல் உயிர்களை ஆபத்தில் தள்ளியதும் வரம்பு மீறிய பலம். இத்தனைக்கும் படகின் தலைவர் செய்தது சின்னத் தப்பு இல்லை. தப்பு ஒருவர் பக்கம் இருப்பதால் மட்டும் சுட்டவர் பக்கம் நியாயம் வந்துவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

போரில் ராணுவம் எச்சரிக்கை கொடுத்துவிட்டா சுடுகிறது? இங்கே மட்டும் ஏன் இத்தனை விதி?

நல்ல கேள்வி. குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

போர் விதி வேறு, காவல் விதி வேறு. போரில் எதிரிப் படை வீரரை அவர் வீரர் என்பதற்காகவே தாக்கலாம். அங்கேயும் சாதாரண மக்களைத் தொடக் கூடாது. காவல் வேலையில் எதிரில் இருப்பவர் சந்தேகத்துக்குரிய நபர், அவ்வளவுதான். அவருடைய உயிர் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. உடனடியாக உயிரைப் பறிக்கும் ஆபத்து இருந்தால் மட்டுமே, அதைத் தடுக்க வேறு வழியே இல்லை என்றால் மட்டுமே, கொல்லும் நோக்கத்தோடு சுடலாம். 1990-ல் ஹவானாவில் ஐ.நா. மாநாடு ஏற்ற அடிப்படைக் கோட்பாடுகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. மீன்பிடிப் படகைத் தடுக்கும் போர்க்கப்பல் அந்த நேரத்தில் போலீஸ் வேலைதான் செய்கிறது. பீரங்கி பொருத்தியிருப்பதால் விதி மாறாது.

சரி, போர் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கரையோர மீனவருக்குத் தனிப் பாதுகாப்பு உண்டு என்பது நம் ஊரில் பலருக்குத் தெரியாது. 1898-ல் அமெரிக்காவும் ஸ்பெயினும் சண்டை போட்டபோது, அமெரிக்கக் கடற்படை கியூபாவின் இரண்டு சின்ன மீன்பிடிப் படகுகளைப் பிடித்து ஏலம் விட்டது. அதில் ஒன்றின் பெயர் 'பாக்கெட்டே ஹபானா'. ஆயுதம் இல்லை, வேவு இல்லை, உள்ளே இருந்தது மீன். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிபதிகள் பழைய ஏடுகளைப் புரட்டினார்கள். இங்கிலாந்து அரசர் நான்காம் ஹென்றி 1403-ல் போட்ட உத்தரவு வரை பின்னோக்கிப் போனார்கள். போர்க்காலத்திலும் கரையோரத்து ஏழை மீனவரையும் அவர் படகையும் வலையையும் பிடிக்கக் கூடாது என்பது நாடுகளின் நெடுநாள் வழக்கம் என்று 1900 ஜனவரியில் தீர்ப்பளித்தார்கள். 1907 ஹேக் உடன்படிக்கையிலும் அது ஏறியது. பகை நாட்டு மீனவருக்கே அந்த நிலை என்றால், போரே இல்லாத இரண்டு அண்டை நாடுகளுக்கு நடுவே எந்த மீனவரையும் சுட என்ன நியாயம் இருக்க முடியும்?

நம் நேவி நம் படகைச் சுட்டது பற்றி?

2022 அக்டோபர் 21 அன்று பாக் விரிகுடாவில் இந்தியக் கடற்படைக் கப்பல் சுட்டதில் மயிலாடுதுறை மாவட்ட மீனவர் ஒருவர் படுகாயமடைந்தார். திரும்பத் திரும்ப எச்சரித்தும் படகு நிற்கவில்லை என்றது கடற்படை. தமிழகப் போலீஸ் வழக்குப் பதிந்தது.

இலங்கைக் கப்பல் சுட்டால் கொதிப்பதும், நம் கப்பல் சுட்டால் 'பாதுகாப்பு விஷயம்' என்று அடக்கி வாசிப்பதும் நேர்மையில்லை. மேலே சொன்ன படிநிலை நம் படைக்கும் அப்படியே பொருந்தும். நிற்காமல் போவது குற்றமாக இருக்கலாம், சந்தேகத்தைக் கூட்டலாம். ஆனால் விலகி ஓடும் படகு யாருடைய உயிரையும் எடுக்க வரவில்லை.

அப்படியானால் ஏன் நம்மையே இவ்வளவு சந்தேகப்படுகிறார்கள்?

காரணம் இருக்கிறது. 2008 நவம்பரில் மும்பையைத் தாக்கியவர்கள் வந்தது 'குபேர்' என்ற குஜராத் மீன்பிடிப் படகில். அதைக் கடலில் கைப்பற்றி, படகின் தலைவரையும் கொன்றுவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு மீன்பிடிப் படகு என்றாலே சோதனை என்றானது. நம் கரையிலும் கடல் அட்டை, கஞ்சா, பீடி இலை, மஞ்சள் கடத்தல் நடக்கிறது. கடல் அட்டை பிடிப்பது 2001 முதல் வன உயிரினச் சட்டப்படி தடை. கடத்துகிறவர்கள் நம் வள்ளத்தையும் பைபர் படகையும் மறைவாக வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பழி எல்லோர் தலையிலும் விழுகிறது.

சோதனை செய்வதை நான் எதிர்க்கவில்லை. மரியாதையோடு செய்யச் சொல்கிறேன்.

நிற்கச் சொன்னால் என்ன செய்ய வேண்டும்?

நிற்க வேண்டும். எங்கே இருந்தாலும், யார் சொன்னாலும். நியாயத்தைப் பிறகு கரையில் பேசலாம்.

கியரை நியூட்ரலில் போடுங்கள். வலை கடலில் இருந்தால் சட்டென்று திருப்பாதீர்கள், படகு கவிழும். 'மடி கடலில் கிடக்கு, இழுக்க நேரம் வேணும்' என்று விஎச்எப் 16-ம் சேனலில் சொல்லுங்கள். இரவு என்றால் எல்லா விளக்கையும் போடுங்கள். விளக்கை அணைத்துவிட்டு ஓடுவதுதான் பல விபரீதங்களுக்கு ஆரம்பம். தூங்குகிறவர்களை எழுப்பி மேல்தட்டில், கை தெரியும்படி உட்காரச் சொல்லுங்கள். கையில் கம்பி, கத்தி, கட்டை எதுவும் வேண்டாம். மீன் வெட்டும் கத்தி இருட்டில் எதிரே இருப்பவருக்கு எப்படித் தெரியும் என்று யாரும் சொல்ல முடியாது. கல்லெறிவது, சுடுதண்ணீர் ஊற்றுவது, கப்பலை நோக்கிப் படகைத் திருப்புவது, இவை எதையும் செய்யவே கூடாது. அந்த நொடியில் எதிரே இருப்பவருக்குத் தற்காப்பு என்ற வாதத்தை நீங்களே கையில் கொடுத்துவிடுகிறீர்கள்.

சுடாமல் மோதினால்? வலையை வெட்டினால்?

மோதுவதும் உயிரெடுக்கும் பலம்தான். எஃகுக் கப்பல் மரப்படகை இடித்தால் என்ன ஆகும் என்று கப்பலை ஓட்டுகிறவருக்குத் தெரியும். 2021 ஜனவரியில் கோட்டைப்பட்டினத்தில் இருந்து போன படகு இலங்கையின் நெடுந்தீவுக்குப் பக்கத்தில் இலங்கைக் கடற்படைப் படகோடு மோதி மூழ்கியது. இறந்த 4 பேரும் நம் மாவட்டத்தில் இருந்தவர்கள், அதில் ஒருவர் மண்டபம் முகாமில் இருந்த ஈழத்து அகதி. 2024 ஆகஸ்ட் 1 அன்று அதே நெடுந்தீவுப் பக்கம் ராமேசுவரம் படகு மோதலில் மூழ்கி ஒருவர் இறந்தார், ஒருவர் காணாமல் போனார். இதற்கு ஒரு மாதம் முன்னால், 2024 ஜூனில், இந்தியப் படகைப் பிடிக்கப் போன இலங்கைக் கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். அவருக்கும் வீடு இருக்கிறது, அம்மா இருக்கிறார். அந்தச் சாவையும் நான் இதே கணக்கில்தான் வைக்கிறேன். இருட்டில் வேகமாகப் பக்கவாட்டில் உரசிக்கொண்டு வந்து ஏறும் முறையே இரண்டு தரப்புக்கும் ஆபத்தானது. சோதனையை விடிந்த பிறகு, வேகம் குறைத்து, தள்ளி நின்று ஆரம்பித்தால் இதில் பல சாவுகள் நடந்தே இருக்காது என்று உறுதியாக நம்புகிறேன்.

வலையை வெட்டுவது, மீனைக் கடலில் கொட்டுவது, ஜிபிஎஸ் கருவியைப் பிடுங்குவது எல்லாம் தீர்ப்பில்லாத தண்டனை. பறிமுதல் என்றால் ரசீதும் நீதிமன்றமும் இருக்க வேண்டும்.

பிடித்த பிறகு அடிக்கலாமா? மண்டியிட வைக்கலாமா?

கூடாது. பிடிபட்டவர் எதிர்க்காமல் நின்ற நொடியில் பலத்துக்கான தேவை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு விழும் ஒவ்வொரு அடியும் சித்திரவதைதான். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இலங்கை 1994-லேயே சேர்ந்து, உள்நாட்டுச் சட்டமும் போட்டது. இந்தியா 1997-ல் கையெழுத்திட்டதோடு சரி, இன்றுவரை உறுதிப்படுத்தவில்லை. இது எனக்கு வருத்தம். அடுத்த வீட்டைப் பார்த்துக் கேட்கும்போது நம் வீட்டுக் கணக்கும் சுத்தமாக இருக்க வேண்டாமா?

2024 செப்டம்பரில் இலங்கைச் சிறையில் இருந்து திரும்பிய தங்கச்சிமடம் மீனவர்கள் மொட்டைத் தலையோடு வந்திறங்கினார்கள். உடம்பில் காயம் இல்லாவிட்டாலும் அவமானப்படுத்துவது அவமானப்படுத்துவதுதான். வெளிநாட்டில் பிடிபட்டவர் தன் நாட்டுத் தூதரகத்தோடு பேச 1963-ம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை உரிமை தருகிறது. இந்தியாவுக்கு யாழ்ப்பாணத்தில் துணைத் தூதரகம் இருக்கிறது. அந்த உரிமையைக் கேட்டு வாங்க வேண்டும்.

'மேலதிகாரி சொன்னார், சுட்டேன்' என்று ஒரு வீரர் தப்பிக்க முடியுமா?

முடியாது, அப்படி முழுசாக முடியாது. சட்டப்படியான கட்டளைக்குக் கீழ்ப்படிந்தால்தான் பாதுகாப்பு. இப்போதைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 14-வது பிரிவும், சட்டத்தின் கட்டளைக்கு ஏற்ப மேலதிகாரி சொல்லிச் சுடும் சிப்பாயைத்தான் உதாரணமாகக் காட்டுகிறது. 'சட்டத்துக்கு ஏற்ப' என்ற நிபந்தனையை மறந்துவிட்டு வாசிக்கக் கூடாது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நூரம்பர்க் விசாரணையில் கட்டளை என்ற சாக்கு எடுபடவில்லை. கட்டளை போட்டவரும் பொறுப்பு, நடப்பதைத் தெரிந்தும் தடுக்காத மேலதிகாரியும் பொறுப்பு. அடிமட்டத்து நாவிக்கை (மாலுமியை) மட்டும் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கப்பலின் தலைவர் ஒதுங்கிக்கொள்வது மிக மோசமான வழக்கம்.

எங்கள் பையன் கோஸ்ட் கார்டில் நாவிக் ஆகச் சேரப் போகிறான். அவனுக்கு என்ன சொல்லி அனுப்புவது?

தம்பி, முதலில் வாழ்த்துகள். ஒடிசாவில் இருக்கும் சில்காவில் பயிற்சி முடித்து வரும்போது உடம்பு உரமாகியிருக்கும், உத்தரவுக்கு உடனே அசையப் பழகியிருப்பாய். அதோடு இதையும் எடுத்துக்கொண்டு போ.

உன் படை 1978-ம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. அந்தச் சட்டம் உனக்குத் தரும் கடமைகளில் ஒன்று மீனவரைப் பாதுகாப்பதும் ஆபத்தில் உதவுவதும். தடுத்து நிறுத்துவதும் அதே சட்டத்தில் இருக்கிறது, ஆனால் நம் ஆட்கள் தினமும் உன்னைப் பார்ப்பது தடுக்கும்போதுதான். அதனால் நீ எப்படிப் பேசுகிறாய் என்பதில் நிறைய இருக்கிறது. கப்பலில் தமிழ் தெரிந்தவன் நீ ஒருவனாக இருக்கலாம். மைக்கைக் கேட்டு வாங்கு. புரியாத மொழியில் நான்கு முறை கத்திவிட்டு 'எச்சரித்தோம், நிற்கவில்லை' என்று எழுதுவது எச்சரிக்கை ஆகாது. 'அண்ணே, எஞ்சினை அணைங்க, சோதனை பண்ணணும்' என்ற ஒரு வரி போதும், பத்தில் ஒன்பது படகு நின்றுவிடும்.

படகில் ஏறும்போது சாப்பாட்டுப் பானையையும் சாமி படத்தையும் மிதிக்காதே. வயசானவரை 'ஐயா' என்று கூப்பிடு. அடிக்கக் கை ஓங்கும் உன் சகவீரனைப் பிடித்து இழு. அது காட்டிக்கொடுப்பது இல்லை, அவனைக் காப்பாற்றுவது. யாருக்காவது காயம் பட்டால், யார் சுட்டார்கள் என்பது அப்புறம், முதலில் ரத்தத்தை நிறுத்து. கடலில் ஆபத்தில் இருப்பவருக்கு உதவுவது ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 98-வது பிரிவின்படி எல்லாக் கப்பலுக்கும் கடமை, சுட்ட கப்பலுக்கும் சேர்த்து.

கடைசியாக, பதிவேடு. நடந்த நேரம், இடம், எத்தனை முறை எச்சரித்தோம், எந்த மொழியில், எத்தனை தோட்டா செலவானது, எல்லாவற்றையும் நடந்தபடி எழுது. மாற்றி எழுதச் சொன்னால் மாட்டேன் என்று சொல். பயமாக இருக்கும், இடமாற்றம் வரலாம். ஆனாலும் சொல். ஒரு படையின் மானம் அந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். தவறு நடக்காத படை உலகில் கிடையாது. நடந்ததை ஒப்புக்கொள்ளும் படையை மக்கள் மன்னிக்கிறார்கள், நம்பவும் செய்கிறார்கள்.

இரண்டு நாடுகளுக்கும் நடுவே சுடக் கூடாது என்று உடன்பாடு எதுவும் இல்லையா?

இருக்கிறது. 2008 அக்டோபர் 26 கூட்டறிக்கையில் இந்திய மீன்பிடிப் படகுகளைச் சுடுவதில்லை என்று ஏற்றார்கள். இலங்கை சொல்லும் பதற்றமான பகுதிகளுக்குள் நம் படகுகள் போகக் கூடாது, படகுப் பதிவும் அடையாள அட்டையும் இருக்க வேண்டும் என்பது நம் பக்கத்துப் பொறுப்பு. 2016 நவம்பரில் கூட்டுப் பணிக்குழு அமைத்து, வன்முறையோ உயிரிழப்போ கூடாது என்று மறுபடியும் பேசினார்கள்.

அதற்குப் பிறகும் 2017 மார்ச்சில் கச்சத்தீவுப் பக்கம் தங்கச்சிமடம் இளைஞர் ஒருவர் குண்டு பட்டு இறந்தார். தாங்கள் சுடவில்லை என்று இலங்கைக் கடற்படை மறுத்தது. 2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவுக்குப் பக்கத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 2 மீனவர்கள் படுகாயம் அடைந்தபோது, இந்திய வெளியுறவுத் துறை இலங்கையின் பொறுப்புத் தூதரை அழைத்து, எந்தச் சூழ்நிலையிலும் பலத்தை ஏற்க முடியாது என்றது. தவறுதலாக வெடித்தது என்றது இலங்கை. உடன்பாட்டில் இல்லாமல் போனது ஒன்றுதான்: சுட்டது யார், ஏன் என்று இரண்டு பக்கமும் சேர்ந்து விசாரிக்கும் ஏற்பாடு. அது வராதவரை ஒவ்வொரு சம்பவமும் மறுப்போடு முடிந்துவிடும்.

நம் இழுவைமடி மேல் தப்பே இல்லையா?

இருக்கிறது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் 30 ஆண்டுச் சண்டையில் கடலுக்கே போக முடியாமல் கிடந்த தமிழ் மீனவர்கள், 2009-க்குப் பிறகு கடன் வாங்கிப் போட்ட வலையை நம் இழுவைமடி இரவோடு இரவாக அறுத்துக்கொண்டு போகிறது. அவர்கள் கடலடியை நாம் வழிக்கிறோம். இலங்கை 2017-ல் இழுவைமடியையே தடை செய்தது. நம் பக்கத்து நாட்டுப்படகுக்காரர்களும் இதே குறையைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இதற்கு முடிவு கட்டாமல் சூட்டை மட்டும் எதிர்ப்பது பாதி நேர்மை. அதே சமயம், இழுவைமடியைக் காட்டி ஒரு உயிரை எடுத்ததை நியாயப்படுத்துகிறவரோடும் எனக்கு உடன்பாடு கிடையாது.

நம் படை சுட்டால் வழக்குப் போட முடியுமா? அவர்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதாமே?

எப்.ஐ.ஆர். போட முடியும். பணியில் இருந்தபோது செய்த செயலுக்காக நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும், அது குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 218-வது பிரிவு. ஆனால் அனுமதி வேண்டும் என்பதற்கும் விசாரணையே கூடாது என்பதற்கும் தூரம் அதிகம். மணிப்பூர் கொலைகள் பற்றிய வழக்கில், சிறப்பு அதிகாரச் சட்டம் அமலில் உள்ள இடத்திலும் படையினருக்கு முழு விலக்கு கிடையாது, அளவு மீறிய பலம் விசாரிக்கப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 ஜூலையில் சொன்னது. நம் கடற்கரையில் அந்தச் சிறப்புச் சட்டமும் கிடையாது.

தேசிய மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம், சம்பவம் நடந்து ஓராண்டுக்குள். ஆயுதப்படை விஷயத்தில் ஆணையம் நேரடியாக விசாரிக்க முடியாது, மத்திய அரசிடம் அறிக்கை கேட்டுப் பரிந்துரை செய்யும். பலம் குறைவுதான், ஆனாலும் கேள்விக்குப் பதில் எழுத வேண்டிய கட்டாயம் வரும்.

வெளிநாட்டுப் படையினர் விஷயம் இன்னும் நீளும். 2012 பிப்ரவரியில் கேரளக் கடலில் 'என்ரிகா லெக்ஸி' எண்ணெய்க் கப்பலில் இருந்த இத்தாலியக் கடற்படையினர் 2 மீனவர்களைச் சுட்டுக் கொன்றார்கள். ஒருவர் குமரி மாவட்டத்துக்காரர். கொள்ளையர் என்று நினைத்தோம் என்றார்கள். அவர்களை இந்தியா விசாரிக்க முடியாது, இழப்பீடு வாங்கலாம் என்று நடுவர் மன்றம் 2020-ல் முடிவு சொன்னது. 10 கோடி ரூபாய் வந்து, 2021 ஜூனில் இங்கே வழக்கு முடித்துவைக்கப்பட்டது. பணம் வந்தது, யார் மேலும் இங்கே தீர்ப்பு எழுதப்படவில்லை.

வனத்துறைக் காவலர்கள் தடுத்தால்?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் கடல் தேசியப் பூங்கா. அங்கே இறங்குவதற்குத் தடை உண்டு. அவர்கள் படையினர் இல்லை, ஆனால் பலத்துக்கான வரம்பு அவர்களுக்கும் இதேதான்.

சம்பவம் நடந்துவிட்டால் உடனே என்ன செய்வது?

காயம் பட்டவரைப் பாருங்கள். குண்டையோ சிதறலையோ பிடுங்காதீர்கள், துணியால் அழுத்திப் பிடியுங்கள். விஎச்எப் 16-ல் கூப்பிடுங்கள். போன் சிக்னல் இருந்தால் கோஸ்ட் கார்டுக்கு 1554, தமிழக மெரைன் போலீசுக்கு 1093. ஜிபிஎஸ்ஸில் அந்த இடத்தைக் குறித்து வையுங்கள், தடத்தை அழிக்காதீர்கள். எந்தப் பக்கம் எவ்வளவு தூரத்தில் இருந்தீர்கள் என்பதை அந்தக் கருவிதான் பேசும். நீங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்திருந்தாலும் அழிக்க வேண்டாம். தாண்டியதற்கு அபராதம் உண்டு, சுட்டதற்கு அது காரணம் ஆகாது.

கரைக்கு வந்ததும் சம்மாட்டி (படகு முதலாளி) செய்யும் முதல் வேலை ஓட்டையை அடைத்துப் படகை மறுநாளே கடலுக்கு அனுப்புவது. தயவுசெய்து வேண்டாம். மரத்தில் உள்ள ஓட்டையின் கோணம், தட்டில் கிடக்கும் தோட்டா, ரத்தக்கறை படிந்த துணி எல்லாம் சாட்சி. போட்டோ எடுங்கள், போலீஸ் வந்து பார்க்கும்வரை தொடாதீர்கள். படகில் இருந்த ஒவ்வொருவரும் தனித்தனியாக, அன்றைக்கே, பார்த்ததை மட்டும் சொல்ல வேண்டும். கேட்டதையும் ஊகித்ததையும் சேர்த்தால் ஒரு நல்ல வழக்கே சரிந்துவிடும்.

படகில் எப்போதும் என்னென்ன இருக்க வேண்டும்?

பதிவுச் சான்று, கடலுக்குப் போக மீன்துறை தரும் டோக்கன், எல்லாருடைய அடையாள அட்டை, வேலை செய்யும் விஎச்எப், ஜிபிஎஸ், உயிர் காக்கும் சட்டை, முதலுதவிப் பெட்டி, கூடுதல் பேட்டரி. வீல்ஹவுஸ் சுவரில் 1554, 1093 இரண்டு எண்களையும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். டிரைவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது, புதிதாக வந்த பையனுக்கும் விஎச்எப்பில் பேசத் தெரிந்திருக்க வேண்டும்.